அஞ்சாநெல்

நெல்லுக்குப் பயம் உண்டு என்று கண்டுபிடித்தது வேறு யாரோ. அந்தப் பயத்தைப் போக்கியது டாக்டர் தையல்நாயகி. அதற்காகப் பொன்னாடை போர்த்திக்கொண்டது இயக்குநர் பரஞ்சோதி. வடகரம்பை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைகள் இப்படித்தான் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. யாருக்கும் குறையில்லை.

காவிரி ஜூன் மாதத்தை அடியோடு மறந்துபோயிருந்த காலம் அது. தண்ணீர் வருவதைவிட, தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்கான அறிக்கைகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. நெல்லின் சங்கடம் என்னவென்றால், கதிர் தள்ளும் நேரத்தில் கொஞ்சம் காய்ந்தாலும் போதும், தலை தப்பினால் சரி என்று எல்லாக் கடையையும் இழுத்து மூடிவிடும். இலையைச் சுருட்டிக்கொள்ளும். பூவைக் கைவிட்டுவிடும். பால் பிடிக்காது. அறுக்கப் போனவன் கையில் பதர்தான் வரும்.

பயிருக்குள் அந்த அபாயமணியை அடிக்கிற மரபணு எது என்று தையல்நாயகி தேடிப் பிடித்தாள். அதன் வாயைப் பொத்துவதற்கு ஒரு சின்ன ஆர்.என்.ஏ.வை எழுதினாள். இருபத்தோரு எழுத்து; பரஞ்சோதியின் பெயர்ப்பலகையில் அவர் பட்டங்களே அதைவிட நீளம். அதன்பிறகு அந்தப் பயிர் பயப்படுவதை விட்டுவிட்டது. பாளம் பாளமாக வெடித்த வயலில் ஒன்றுமே நடக்காததுபோல நின்று, கதிர் முற்றித் தலை சாய்த்தது.

பரஞ்சோதி அதற்கு 'அஞ்சாநெல்' என்று பெயர் வைத்தார். வைத்த கையோடு அந்தப் பெயரின் ஆழத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவர் வணக்கம் சொன்னாலே அதில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் இருக்கும்.

முதலில் எலிகள் தின்றன. எடை கூடின, குட்டி போட்டன, ஈரல் பழுதில்லை. பூனையைக் கண்டு அவை ஓடினவா என்று யாரும் பார்க்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எலி தேறிய பிறகு மனிதர் தின்ன வேண்டும். அதற்கு நிலையத்து ஊழியர்களிலேயே பத்துப் பேரைப் பொறுக்கி ஒரு குழு உண்டு, பேனல் என்பார்கள். வியாழக்கிழமைகளில் வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டிச் சோறு வரும். குழம்பு கிடையாது. மோந்து, மென்று, விரலால் நசுக்கி, மணம் எவ்வளவு, ஒட்டும் தன்மை எவ்வளவு என்று ஐந்துக்கு மார்க் போட வேண்டும். சோறு தின்று சம்பளம் வாங்குகிறவர்கள் நாட்டில் ஏராளம். சோறு தின்றதற்கே சம்பளம் வாங்கியவர்கள் இந்தப் பத்துப் பேர்தான்.

மிச்சமாகும் சோதனை அரிசியைக் கொளுத்திவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவன் கட்டாயம் கோதுமை தின்கிறவனாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் கலியமூர்த்தி, அவர்தான் ஊழியர் சங்கச் செயலாளரும், முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அரிசியக் கொளுத்துனா கை வெளங்குமா? எந்த வயித்துல பொறந்தவன் எழுதுன ரூல் இது?"

அவர் ஒரு கட்டு வைக்கோலைக் கொளுத்தினார். புகையைப் படம் பிடித்துக் கோப்பில் வைத்தார். அரிசி, மஞ்சள் பைகளில் ஊழியர் குடியிருப்புக்குப் போனது. முதல் பை இயக்குநர் வீட்டுக்கு. திருட்டு என்று ஒருவரும் நினைக்கவில்லை. புண்ணியம் என்றே நினைத்தார்கள். இரண்டு வருடமாகக் குடியிருப்பில் யாரும் கடையில் அரிசி வாங்கவில்லை. யாரும் யாரோடும் சண்டை போடவும் இல்லை. குழாயடியில்கூட இல்லை. அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

தையல்நாயகியின் வீட்டிலும் சமையலறை மூலையில் ஒரு நீல டிரம் நிறைய அந்த அரிசி இருந்தது. அவளும் மகள் வேனியும் தின்றார்கள். கணவர் உத்திராபதி தொடமாட்டார். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓட விட்டுவிட்டு மரத்தடியில் நின்றதன் பலனாக அவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. அவருக்குச் சப்பாத்தி, கேழ்வரகு அடை. "வீட்டுக்குள்ளயே ஒரு வடநாட்டுக்காரன் இருக்கான்" என்று வேனி கேலி செய்வாள்.

இளவேனில் என்பது முழுப் பெயர். ஒன்பதாம் வகுப்பு. நானூறு மீட்டர் ஓடுவாள். அப்பாவின் விசில் எங்கே கேட்டாலும், பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும், வாசலுக்கு ஓடிவந்து நிற்பாள். சாப்பிட உட்கார்ந்தால் அம்மாவின் பேனலை நடித்துக் காட்டுவாள். ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணருகே வைத்து, பரஞ்சோதி மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவிப்பாள்:

"ஒட்டும் தன்மை, நாலு. மணம், மூணு. அம்மா மூடு, ரெண்டு."

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உத்திராபதி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மண்டல விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தார். காய்ச்சல் விட்டது, வயிறு வலிக்கிறது என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மாவும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டெங்கு, ஒருநாள் முன்னால் வந்திருக்கலாமே என்றார்கள். "பயமா இல்லம்மா" என்றாள் வேனி. அது உண்மை. கடைசிவரை அவளுக்குப் பயமே இல்லை.

உத்திராபதி அழுதார். மைதானத்து நெட்டலிங்க மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். குளிக்கும்போது அழுதார். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். ஊதினால் ஓடிவர வேண்டியவள் வரமாட்டாள். அதன்பிறகு கை தட்டித்தான் பிள்ளைகளை ஓட விட்டார்.

தையல்நாயகி அழவில்லை. பதினாறாம் நாள் வேலைக்குப் போனாள். மகளின் சட்டைகளை மடித்து அனாதை இல்லத்துக்குக் கொடுத்தாள். எல்லாம் ஞாபகம் இருந்தது அவளுக்கு: மகளின் குரல், வியர்வை வாசனை, நகம் கடிக்கிற பழக்கம். ஞாபகம் இருந்தது, வலிக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போன ஈறைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த அறையில் கணவர் அழுவது கேட்கும். போய்ப் பக்கத்தில் உட்காருவாள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். பிறகு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

உறவுக்காரர்கள் சொன்னார்கள்: "படிச்சவ, அதான் கல்லாட்டம் இருக்கா." படிப்புக்கு எத்தனையோ பழி, இது ஒன்று கூடுதல்.

*

பரஞ்சோதியின் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. முப்பத்தைந்து வயது, கைக்குழந்தை. உடலை இயக்குநர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காரைக்குடியிலிருந்து வந்த பெண்வீட்டார் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினார்கள். குடியிருப்புக்காரர்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். பரஞ்சோதி மாலையைச் சரிசெய்தார், நாற்காலி போதுமா என்று எண்ணச் சொன்னார், பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"இந்நிகழ்வுக்கு வருகை தந்து சிறப்பித்த அனைவருக்கும், குறித்த நேரத்தில் பந்தல் அமைத்துக் கொடுத்த…"

தம்பி மனைவி அழுகையை நிறுத்திவிட்டு மச்சாண்டாரை வெறித்துப் பார்த்தாள். அப்போது பின்வரிசையில் ஒரு குரல் வெடித்தது. உத்திராபதி. அவருக்கும் அந்தத் தம்பிக்கும் முகப் பழக்கம்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில் குடியிருப்புக்காரர்களிலேயே அழுதது அவர் ஒருவர்தான்.

தையல்நாயகி சுற்றிப் பார்த்தாள். அழுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். அழாதவர்கள் மஞ்சள் பைக்காரர்கள். இவர் ஒருவர் உள்ளூர். ஆனால் சோறு தின்னாதவர்.

அவள் அங்கிருந்து நேரே ஆய்வகத்துக்குப் போனாள். நெல்லுக்காக எழுதிய இருபத்தோரு எழுத்தை மனித மரபணுக்களோடு ஒட்டிப் பார்க்கச் சொன்னாள் கணினியை. அது ஒரு இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திய இடம் என்ன வேலை செய்கிறது என்று படித்தாள். பிறகு டீ போட்டுக் குடித்தாள்.

இயக்குநர் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சார், பயம், பதைப்பு, ஒருத்தரப் பிரிஞ்சா வர்ற நோவு, இதுக்கெல்லாம் நமக்குள்ள மணியடிக்கிற ஜீன் ஒண்ணு இருக்கு. நம்ம அரிசி அதையும் பொத்திருது."

"பொத்தினா?"

"மணி அடிக்காது."

பரஞ்சோதி சாய்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு இப்ப பயமா இருக்கா டாக்டரம்மா?"

"இல்ல சார். அதத்தான் சொல்ல வர்றேன்."

"எனக்கும் இல்ல. ஆக, நாம ஒருமித்த கருத்துலதான் இருக்கோம்." அவர் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார். "பஞ்சத்துல பதறாத பயிரு. அதத் தின்னு பதறாத ஜனம். எவ்வளவு பெரிய விஷயம் இது! அடுத்த மாசம் கடைசிப் பேனல். அது முடிஞ்சா ரேஷனுக்குப் போயிரும். நீங்க ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க, 'கூடுதல் பயன்'னு தலைப்புப் போட்டு."

அவரை வில்லன் என்று சொல்வதற்கில்லை. வில்லனாக இருப்பதற்கும் உள்ளே ஏதாவது கொஞ்சம் துடிக்க வேண்டும். தம்பி செத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மேசையில் ரிலீஸ் விழா அழைப்பிதழின் மாதிரி இருந்தது.

*

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் முன்னால் இரண்டு சப்பாத்தி, அவள் முன்னால் சோறு.

"ஜீன்ங்கிறது ஆர்டர் போடுற ஆபீசர்னு வச்சுக்குங்க. ஆர்டர எடுத்துக்கிட்டுப் போறவன் ஆர்.என்.ஏ. நான் எழுதுனது ஒரு குட்டி ஆர்.என்.ஏ. அது வழியில நிக்கும். அந்த ஒரு ஆர்டர் வந்தா மட்டும் கண்டுபிடிச்சுக் கிழிச்சுப் போட்டுரும். ஆபீசர் கத்திக்கிட்டே இருப்பாரு, கீழ ஒண்ணும் நடக்காது."

பழைய உத்திராபதியாக இருந்தால், "எங்க டிபார்ட்மென்ட் மாதிரின்னு சொல்லு" என்றிருப்பார். இப்போது சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"வெந்தா செத்துராதா?"

"செடி அதோட வால்ல ஒரு முடிச்சுப் போடும். வெயில் தாங்கட்டும்னு நான் ரெட்டை முடிச்சாப் போட்டேன். அடுப்பையும் தாங்குது, வயித்தையும் தாங்குது."

"அப்ப நீ… நீ அழாம இருந்தது?"

"இதான்."

அவர் கை நின்றது. கண் நிறைந்தது.

"நான் ஒன்னக் கல்லுன்னு நெனச்சேன் தையலு. இத்தன நாளா பக்கத்துல படுத்துக்கிட்டு, என்ன பொம்பள இவன்னு… வாயில வராததெல்லாம் மனசுல திட்டிருக்கேன். சோறா? வெறும் சோறா?"

அவர் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மகள் போனபிறகு அதுதான் முதல் தடவை. அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்து என்று சொல்ல வேண்டிய மணி அவளுக்குள் அடிக்கவில்லை. ஆகவே ஆராய்ச்சிக்காரி பாக்கி முடிவையும் சொன்னாள்.

"இன்னொண்ணும் இருக்குங்க. காய்ச்சல் விட்டதும் வயித்து வலின்னாள்ல. டெங்குல அதான் ஆபத்தான நேரம். எனக்கு அது தெரியும். படிச்சிருக்கேன். ஆனா பதறல. பதறியிருந்தா அன்னிக்கே தூக்கிட்டு ஓடியிருப்பேன். அவளுக்கும் பதறல, பெருசா சொல்லல. கணக்குப் பாத்தா அதுவும் இந்த அரிசிதான்."

மணிக்கட்டிலிருந்து அவர் கை மெல்ல விலகியது. எழுந்து கை கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"எவ்வளவு நாள்ல ஏறும் அது? எவ்வளவு நாள்ல எறங்கும்?"

"ஏற ஒரு மாசம். எறங்கவும் அதே அளவு ஆவும்."

"ம்" என்று மாடிக்குப் போனார்.

அவர் எதற்காகக் கேட்டார் என்று தனக்குத் தெரியும் என்றே தையல்நாயகி நினைத்தாள். மறுநாளிலிருந்து அவள் சோற்றை விட்டாள். சொல்லவில்லை, சொன்னால் மேற்கே மேகம் பார்க்கிற மாதிரி தினமும் அவர் தன் முகத்தைப் பார்ப்பார். அழுகை வரட்டும், வந்தபிறகு அவர் தோளில் சாய்ந்துகொள்ளலாம், ஒரு சாவுக்கு இரண்டு பேர் அழலாம் என்று இருந்தாள். தனக்கும் சேர்த்து மாவு பிசைந்தாள்.

"நீயுமா?" என்றார்.

"சுகர் பார்டர்ல இருக்காம்."

டிரம்மில் இன்னும் எட்டுப் படி அரிசி இருந்தது. கொட்டிவிடத்தான் வேண்டும். கையில் எடுத்தாள், வெள்ளை வெளேரென்று, ஒரு நொய் இல்லாமல். குப்பையில் போடுவதா? எரிப்பதா? கோழிக்குப் போட்டால் கோழி என்ன ஆகும்? பயம் போனாலும் பழக்கம் போகவில்லை. மூடியைப் போட்டு, அதன்மேல் பழைய தோசைக்கல்லை வைத்தாள். அதோடு அதை மறந்தாள்.

முதலில் திரும்பி வந்தது பயம். கடைத்தெருவில் லாரி ஒன்று முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தபோது துள்ளி விழுந்தாள். காய்கறிப் பை சிதறியது. தக்காளி பொறுக்கிக்கொண்டே அவள் சிரித்ததைப் பார்த்து லாரிக்காரன், "லூசா நீ?" என்றான். அவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் அவளிடம் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

உத்திராபதியும் தேறிவருவதாகத் தெரிந்தது. முகம் மழித்துக்கொண்டார். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தார். இரவில் அடுத்த அறையில் சத்தம் இல்லை. காரணம் தெரிந்ததே அவருக்கு ஆறுதலாக இருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள். மத்தியானம் பள்ளியிலிருந்து வந்து தானே எதையோ செய்து சாப்பிடுவார். அவள் வேலைக்குப் போயிருப்பாள்.

*

கடைசிப் பேனல் கூடியது. பரஞ்சோதி உரையாற்றினார். சகாப்தம் என்ற சொல் ஏழெட்டு முறை வந்தது. வெள்ளைத் தட்டுகள் வந்தன. தையல்நாயகி தட்டைத் தொடவில்லை. பக்கத்தில் கலியமூர்த்தி ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்து, மென்று, உரக்கச் சொன்னார்.

"ஒட்டும் தன்மை, நாலு. மணம், மூணு."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும். அதற்காக அவள் காது காத்திருந்தது. அது வரவில்லை. இனி எந்த வியாழக்கிழமையும் வராது.

அவள் வாய்விட்டு அலறினாள். தன் குரல் அப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மேசையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வயித்து வலின்னு சொன்னாளே, வந்து சொன்னாளே, வெந்நீர் குடி சரியாயிரும்னு நான் போய் மெயில் பார்த்தேனே! தட்டுகளைத் தள்ளினாள். இந்தச் சோறு என்ன செய்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாள். இது ரேஷனுக்குப் போனால் தமிழ்நாட்டில் எத்தனை அம்மாக்கள் எத்தனை காய்ச்சலைப் பதறாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டாள்.

எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

"கலியமூர்த்தி! நீங்க கத்துங்க. ஒரு காலத்துல கலெக்டர் ஆபீஸ் கேட்டப் புடிச்சு ஆட்டுனவரு நீங்க!"

"ஆமாம்மா, நல்லா ஞாபகம் இருக்கு." கலியமூர்த்தி தண்ணீர் டம்ளரை நீட்டினார். "எதுக்கு அப்புடிக் கத்துனேன்னுதான் இப்பப் புரியல. மெதுவாக் குடிங்க."

பரஞ்சோதி எழுந்தார். "டாக்டரம்மாவின் உணர்வுபூர்வமான கருத்தைப் பேனல் வரவேற்கிறது. ரொம்ப நல்ல பாயின்ட். சரி, மணம் யார் யார் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

நெருப்பு என்று கூவினால் எரிகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு எத்தனை டிகிரி என்று கேட்கிற கூட்டம். இதைக் கேட்டுப் பதறக்கூடிய ஒரே மனிதர் அவளுக்குத் தெரிந்து பள்ளிக்கூடத்தில் இருந்தார். பதறட்டும். அடிக்கக்கூடச் செய்யட்டும். அவள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

பஸ்ஸில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்கியபோது அந்தச் சத்தம் கேட்டது.

விசில்.

நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நெட்டலிங்க மரத்தடியில் உத்திராபதி, வாயில் விசிலோடு, இவளைப் பார்த்ததும் கையை ஆட்டினார். இவளுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. ஊதுகிற அளவுக்குத் தேறிவிட்டாரே. மறுகணம் அந்தக் குளிர்ச்சி அப்படியே இறுகியது. பெற்றவனால் இத்தனை சீக்கிரம் அதை வாயில் வைக்க முடியாது.

அவர் தெம்பாக நடந்து வந்தார்.

"என்ன தையலு, இந்த நேரத்துல? யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா? செருப்பு எங்க?"

"வேனி…" என்றாள். அதற்குமேல் வரவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, வேனி" என்றார் அவர், வகுப்பில் வருகைப்பதிவுக்குச் சொல்வதுபோல. "அதுக்கு ஏன் நடுரோட்டுல? வா, சாப்புட்டுட்டுப் பேசலாம். நானும் இன்னும் சாப்புடல."

வீட்டுச் சமையலறையில் தோசைக்கல் தரையில் கிடந்தது. அவள் டிரம்மைத் திறந்தாள். அடியில் இரண்டு படி இருந்தால் அதிகம்.

"எப்பலேர்ந்து?"

"நீ சொன்னியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து." அவர் இடைவேளையில் வந்து வைத்துவிட்டுப் போயிருந்த குக்கரைத் திறந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு ராத்திரி மாடியில உக்காந்து யோசிச்சேன். நீ சொன்னதுக்கப்புறம் ஒன் மொகத்தப் பாக்க முடியல. புள்ளயப் பாத்துக்க வேண்டியவ பாத்துக்கலன்னு ஒரு பக்கம், பாவம் அவ என்ன செய்வா, சோறுதானன்னு ஒரு பக்கம். ஒன்ன ஆயுசுக்கும் வெறுக்குறதா, இல்ல சோறு திங்குறதான்னு வந்து நின்னுச்சு. சோறு சுளுவா இருந்துச்சு. நீ இருக்குற எடத்துக்கே நானும் வந்துட்டா, ரெண்டு பேரும் ஒரே எடத்துல கெடக்கலாம்ல?"

"நான் அங்க இல்லைங்க. நான் அன்னிக்கே சோத்த விட்டுட்டேன். ஒங்களோட சேந்து அழணும்னு…"

உத்திராபதி கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "அப்புடியா? சொல்லியிருக்கலாமே." கொஞ்சம் சிரித்தார். "நானும் சொல்லல. சரி, போவுது."

"நான் கொன்னுட்டேங்க அவள."

"ஆமா, ஒருநாள் முன்னாடி சேத்திருந்தா பொழச்சிருக்கும்." எதிர்வீட்டு மாடு கன்று போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். "அத இப்ப நெனச்சு என்ன?"

திட்டுவார் என்று ஓடிவந்தவள் அவள். அடிப்பார், அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுவார் என்று. அவள் குனிந்து முகத்தைப் பொத்தினாள். அப்போதுதான் அவர் கால் கண்ணில் பட்டது. வலது கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. துணி ஈரமாக இருந்தது, ஓரத்தில் கறுத்திருந்தது.

"என்னங்க இது? எப்ப ஆச்சு? சுகர் பாத்தீங்களா?"

"ஷூ கடிச்சுது. முந்நூத்துச் சொச்சம்னான் லேப்புக்காரன். வலிக்கவே இல்ல தையலு. நீ ஏன் இப்புடி நடுங்குற?"

"கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

"போவலாம், போவலாம். சாயங்காலம் பிராக்டீஸ் இருக்கு, நாளைக்குப் பாப்போம்." அதே குரல். ஐப்பசியில் அவளிடமிருந்த அதே குரல். அவர் இன்னொரு தட்டில் சூடாகச் சோறு போட்டு அவள் முன்னால் நகர்த்தினார். கொஞ்சம் ரசம் ஊற்றினார். அக்கறையாகத்தான் ஊற்றினார். "மொதல்ல நீ சாப்புடு. ஒரு மாசத்துல சரியாயிரும்."

ஆவி முகத்தில் அடித்தது. நல்ல மணம். ஒரு கைப்பிடி எடுத்தால் போதும். இந்த நெஞ்சு இப்படி அறுபடுவது ஒரு மாதத்தில் நின்றுவிடும். கை தட்டுவரைக்கும் போனது.

"நானும் தின்னுட்டா," என்றாள், "அவளுக்குன்னு யாருங்க அழுவா? ஒங்க காலப் பாத்து யாரு பயப்படுவா?"

நியாயமான கேள்வி என்பதுபோல உத்திராபதி தலையாட்டினார்.

"சரி, அது ஒன் இஷ்டம்" என்றார். "சோத்த வீணாக்க வேணாம்."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிசைந்து, நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கடைசிப் பருக்கையை விரலில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒட்டும் தன்மை, நாலு" என்றார். "மணம், மூணு."

அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் எதையும் மறக்கவில்லை. அந்த இழுவை, அந்தக் கனைப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. முகம் மலர்ந்தது.

"அம்மா மூடு, ரெண்டு."

சிரித்துக்கொண்டே கை கழுவ எழுந்து போனார், வலது காலை லேசாகச் சாய்த்து வைத்து.